பேக்கப் ஸ்கிரிப்ட் தினமும் ஓடுகிறது, கோப்பைத்தான் காணோம்

சமீபத்தில் மாறிய கோப்புகளை மட்டும் பொறுக்கி இன்னொரு டிஸ்க்கில் போட்டு வைக்கும் ஸ்கிரிப்ட் பத்து வரிக்கு மேல் போகாது. கடந்த ஒரு நாளில் மாறியவற்றை ஃபைண்ட் தேடித் தரும். டார் அவற்றை அன்றைய தேதி போட்ட ஒரே கோப்பாகக் கட்டும். இரவானால், குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் க்ரான் இதை ஓட்டிவிடும். லினக்ஸ் கொஞ்சம் பழகியவருக்கு அரை மணி நேர வேலை. அது கெட்டுப்போயிருப்பது தெரியத்தான் மாதக்கணக்கு ஆகும். பேக்கப்பை யார் தினமும் திறந்து பார்க்கிறார்கள்?

என் முதல் ஸ்கிரிப்ட் ஓர் இரவுகூடத் தவறாமல் ஓடியது. பெயர் சரி, தேதி சரி. தவறுதலாக அழித்துவிட்ட ஒரு கடிதத்தைத் தேடி ஒருநாள் அந்த ஃபோல்டரைத் திறந்தால், வரிசையாக எல்லாமே 45 பைட். காலியான டார் கோப்பை ஜிஸிப்பால் சுருக்கினால் வரும் அளவு அது. ஒன்றுமில்லாததை ஒழுங்காகக் கட்டி, தேதி போட்டு, அடுக்கி வைத்திருந்தது ஸ்கிரிப்ட்.

அன்றிலிருந்து பேக்கப் பிழைகளை அவை போடும் சத்தத்தை வைத்துத்தான் பிரிக்கிறேன். கீழேயும் அதே வரிசைதான்: கத்துகிற பிழை முதலில், வாயே திறக்காதது கடைசியில். கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

தேடத் தொடங்கும் முன் ஒரு காரியம். எதை எப்போது ஓட்டுவது என்று க்ரானுக்குச் சொல்லும் க்ரான்டேப் வரியின் கடைசியில் >> போட்டு ஒரு லாக் கோப்பின் பாதையைக் கொடுத்து, அதற்கப்புறம் 2>&1 என்று சேருங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. 2>&1 முன்னால் வந்துவிட்டால் பிழைச் செய்திகள் லாக்கில் விழாது. அடுத்து, ஸ்கிரிப்டைக் கையால் ‘பாஷ் -எக்ஸ்’ போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள் (பாஷ்தான் ஸ்கிரிப்டின் கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்). மாறிகளின் இடத்தில் உண்மையான மதிப்புகளோடு ஒவ்வொரு வரியும் திரையில் வரும். தப்பான பாதை இருந்தால் இங்கேயே கண்ணில் பட்டுவிடும்.

‘பெர்மிஷன் டினைட்’ என்று நிற்கிறது

ஸ்கிரிப்டுக்கு இயக்கும் அனுமதி இல்லை. ‘சிஹெச்மாட் +எக்ஸ்’ போட்டால் சரியாகிவிடும். போட்டும் சரியாகவில்லை என்றால் ஸ்கிரிப்ட் பென் டிரைவில் இருக்கிறதா என்று பாருங்கள். பென் டிரைவில் வழக்கமாக இருக்கும் கோப்பு அமைப்புகளான ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் இந்த அனுமதிகளைப் பதிந்துவைக்க இடமே கிடையாது. ஸ்கிரிப்டை உங்கள் ஹோம் ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள்.

‘பேட் இன்டர்பிரிட்டர்’ என்கிறது, பாஷ் இருக்கிறதே?

செய்தியை உற்றுப் பாருங்கள். பாஷ் என்ற சொல்லுக்குப் பின்னால் ^எம் என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்கிரிப்டை விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறீர்கள். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகள் வைக்கும், லினக்ஸுக்கு ஒன்றுதான். மிச்சமான குறியையும் பெயரோடு சேர்த்துப் படித்து, அப்படி ஒரு நிரல் இல்லையே என்கிறது லினக்ஸ். ‘டாஸ்2யூனிக்ஸ்’ ஒருமுறை ஓட்டினால் போதும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, க்ரானில் ஓடவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. என் 45 பைட் கதையும் இங்கேதான் நடந்தது. க்ரான் ஓட்டும்போது ஸ்கிரிப்ட் உங்கள் டெர்மினலில் ஓடுவதில்லை. அதற்கு உங்கள் பாஷ் அமைப்புகள் எதுவும் தெரியாது. முதலில் அது நிற்கும் இடம் வேறு. க்ரான் எல்லாவற்றையும் ஹோம் ஃபோல்டரிலிருந்து தொடங்கும். நானோ ஃபைண்டுக்கு ‘கடிதங்கள்’ என்று மொட்டையாகப் பாதை கொடுத்திருந்தேன். கையால் ஓட்டும்போதெல்லாம் சரியான ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டியதால் வேலை செய்தது. க்ரானில் அந்தப் பெயரில் ஃபோல்டர் இல்லை, ஃபைண்ட் முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டது, டார் வெறும் பட்டியலை வாங்கிக் கட்டிவிட்டது. எல்லாப் பாதையையும் / என்று வேரிலிருந்து தொடங்கி முழுசாக எழுதுங்கள். இதில் சோம்பல் கூடாது.

அடுத்து, நிரல்களைத் தேடும் பாதை. க்ரானில் அது மிகச் சிறியது, பெரும்பாலும் ‘/யூஎஸ்ஆர்/பின்’, ‘/பின்’ இரண்டோடு முடிந்துவிடும். நீங்களே நிறுவிய நிரல் வேறு இடத்தில் இருந்தால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ வரும். ஸ்கிரிப்டின் தலையிலேயே ‘பாத்’ மாறியை எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, % குறி. இதைப் பிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. க்ரான்டேப் வரிக்குள் % வந்தால் க்ரான் அதைப் புது வரி என்று எடுத்துக்கொள்ளும், அதோடு கட்டளை முடிந்தது. தேதியைக் கோப்புப் பெயரில் சேர்க்க எல்லோரும் % போட்டுத்தான் எழுதுவோம். ‘30 22 * * *’ என்று நேரத்தைப் போட்டு, அதே வரியில் தேதியோடு டார் கட்டளையையும் எழுதினால் பாதியில் அறுந்துவிடும். ஒன்று \% என்று எழுதுங்கள், இல்லையென்றால் தேதி வேலையை ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிடுங்கள். ஸ்கிரிப்டுக்குள் இந்தத் தொல்லை கிடையாது.

லாக்கில் சுவடே இல்லையா? அந்த நேரத்தில் கணினி அணைந்திருக்கலாம், தூங்கியிருக்கலாம். விட்ட வேலையைப் பின்னால் செய்கிற பழக்கம் க்ரானுக்கு இல்லை. மடிக்கணினி என்றால், விட்டதைப் பின்னால் ஓட்டும் அனக்ரான் நல்லது. க்ரானுக்குப் பதில் லினக்ஸின் சிஸ்டம்டி டைமர் வைத்திருந்தால் ‘பெர்சிஸ்டன்ட்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கிவிடுங்கள், கணினி திரும்ப வந்ததும் விட்டதை ஓட்டிவிடும். மேக்கில் ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்று வந்தால் ஸ்கிரிப்டைக் குடையாதீர்கள். 2018இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து தனிப்பட்ட கோப்புகளை மேக்ஓஎஸ் படிப்படியாகப் பூட்டிவருகிறது. தனியுரிமை அமைப்புகளில் க்ரானுக்கு முழு டிஸ்க் அனுமதி கொடுத்தால் வழிவிடும்.

விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் 0எக்ஸ்1 என்று காட்டுகிறது

விண்டோஸோடு வரும் நகலெடுக்கும் நிரலான ரோபோகாப்பியைப் பயன்படுத்தியிருந்தால் பயப்பட வேண்டாம். 0எக்ஸ்1 என்பது நிரல் முடிந்ததும் சொல்லிவிட்டுப் போகும் எண், அதாவது 1. மற்ற நிரல்களில் பெரும்பாலும் 0 தவிர எது வந்தாலும் தோல்வி. ரோபோகாப்பியில் 1 என்றால் ‘கோப்புகளை நகலெடுத்துவிட்டேன்’ என்று பொருள். 8க்குக் கீழே இருக்கும் வரை எதையும் நகலெடுக்க முடியாமல் போகவில்லை. 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் லாக்கைத் திறக்க வேண்டும்.

வேலையே தொடங்கவில்லை என்றால் இரண்டு இடம் பாருங்கள். மின் இணைப்பு இருந்தால் மட்டும் தொடங்கு என்ற டிக் இயல்பாகவே போடப்பட்டிருக்கும். பேட்டரியில் ஓடும் மடிக்கணினியில் அதனால் பேக்கப் நடக்காது. இன்னொன்று, நீங்கள் லாகின் செய்யாதபோதும் ஓட வைத்திருந்தால் இஸட் மாதிரி எழுத்துக் கொடுத்து இணைத்த நெட்வொர்க் டிரைவ் அந்த வேலையின் கண்ணுக்குத் தெரியாது. \\ என்று தொடங்கும் முழு நெட்வொர்க் முகவரியைக் கொடுங்கள்.

பவர்ஷெல் ஸ்கிரிப்டுக்குள் தமிழில் ஃபோல்டர் பெயர் எழுதியிருந்தால், கோப்பை பிஓஎம் சேர்த்த யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள் (யூடிஎஃப்-8 என்பது யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறை, பிஓஎம் அதைக் காட்ட கோப்பின் தொடக்கத்தில் வைக்கும் குறி). விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1, பிஓஎம் இல்லாத ஸ்கிரிப்டைப் பழைய குறியாக்கத்தில் படித்துத் தமிழைப் புரியாத கிறுக்கலாக்கிவிடும். அப்புறம் அந்தப் பெயரில் ஃபோல்டரே இல்லை என்று சாதிக்கும்.

கணினியின் டிஸ்க் நிரம்பிவிட்டது, வெளி டிஸ்க் காலியாக இருக்கிறது

ஒருநாள் வெளி டிஸ்க்கைச் செருக மறந்திருக்கிறீர்கள். அது வந்து உட்காரும் ஃபோல்டர் மட்டும் காலியாகக் காத்திருந்தது. ஸ்கிரிப்டுக்கு ஃபோல்டருக்கும் டிஸ்க்குக்கும் வித்தியாசம் தெரியாது, அதற்குள்ளேயே கொட்டிவிட்டது. இதில் ஒரு கண்கட்டு வித்தையும் உண்டு. மறுநாள் டிஸ்க்கைச் செருகியதும் அது அந்த ஃபோல்டரின் மேல் உட்கார்ந்துவிடும், அடியில் கொட்டியது கண்ணுக்கே தெரியாது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் டிஎஃப் ‘நிரம்பிவிட்டது’ என்னும், கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூவைக் கேட்டால் கணக்கு உதைக்கும். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்த ஃபோல்டரைத் திறங்கள், காணாமல் போன ஜிபிக்கள் எல்லாம் அங்கே இருக்கும்.

இனி நடக்காமல் இருக்க, ஸ்கிரிப்டின் முதல் வேலையாக ‘மவுண்ட்பாயின்ட் -க்யூ’ வைத்து டிஸ்க் உண்மையிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இரண்டு ஃபோல்டர்களை ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்கில், மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும் ‘--டெலீட்’ போடுகிறவர்கள் மூலப் பக்கத்துக்கும் இதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். மூல டிஸ்க் இணையாத நாளில் அந்தக் காலி ஃபோல்டரைப் பார்த்து, ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டார் போல’ என்று பேக்கப்பையும் துடைத்துவிடும். அதன் வேலையே அதுதானே.

ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்பையும் மறுபடி நகலெடுக்கிறது

ஆர்சிங்க் ஒரு கோப்பு மாறியதா என்று அளவையும் மாற்ற நேரத்தையும் வைத்துத்தான் முடிவு செய்யும். ‘-டி’ விருப்பத்தை விட்டிருந்தால் நகலுக்கு இன்றைய நேரம் விழும், நாளை ஒப்பிட்டால் பொருந்தாது. ‘-ஏ’ போட்டால் ‘-டி’யும் சேர்ந்தே வரும்.

போட்டும் இப்படியென்றால் டிஸ்க் ஃபேட்32 ஆக இருக்கும். அது நேரத்தை இரண்டிரண்டு விநாடியாகத்தான் எழுதிவைக்கும். 7ஆவது விநாடியில் சேமித்த கோப்புக்கு அங்கே 7 என்று எழுத வழியில்லை. ‘--மாடிஃபை-விண்டோ=1’ என்று ஒரு விநாடி விட்டுக்கொடுத்தால் சண்டை தீரும். அதே டிஸ்க்கில் பெரிய வீடியோ மட்டும் ஏறாமல் அடம்பிடித்தால் காரணம் தெரிந்ததுதான்: ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடக் கூடாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாறுங்கள்.

நேற்று மாற்றிய கோப்பு பேக்கப்பில் இல்லை

இனி சத்தம் போடாத பிழைகள். ‘சமீபத்திய’ என்ற சொல்லை நாம் ஒரு மாதிரி புரிந்துகொள்கிறோம், ஃபைண்ட் வேறு மாதிரி புரிந்துகொள்கிறது.

‘-எம்டைம்’ நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. கோப்பு மாறி எத்தனை மணி நேரம் ஆனது என்று எடுத்து, 24ஆல் வகுத்து, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடும். 30 மணி நேரத்துக்கு முன் மாறிய கோப்பை எடுத்துக்கொள்வோம். வகுத்தால் 1.25, மிச்சம் போக 1. ஆகவே ‘-எம்டைம் 1’ என்று கேட்டால் அது கிடைக்கும். ‘-எம்டைம் -1’ என்று கேட்டால் கிடைக்காது, அது 24 மணி நேரத்துக்குள் மாறியவற்றை மட்டும் தரும். ‘-எம்டைம் +1’ இன்னும் விசித்திரம். ஒரு நாளைத் தாண்டியவை வரும் என்று நினைப்போம், ஆனால் 48 மணி நேரம் முடிந்த பிறகுதான் வரத் தொடங்கும். இந்த மூன்றில் ஒன்றைப் போட வேண்டிய இடத்தில் இன்னொன்றைப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

சரி, ‘-எம்டைம் -1’ என்று ஒழுங்காகவே எழுதியிருக்கிறீர்கள். அப்போதும் ஓட்டை உண்டு. நேற்று இரவு 10:30க்கு ஓடியது, இன்று கணினியை 11:15க்குத்தான் போட்டீர்கள். நேற்று 10:30க்கும் 11:15க்கும் நடுவில் சேமித்த கோப்பு நேற்றும் சிக்கவில்லை, இன்றும் சிக்காது. ஒரு நாள் ஓடாமல் போனால் அந்த நாளே ஓட்டை. இரண்டு நாள் என்று அகலப்படுத்தித் தப்பிக்கலாம், ஆனால் அது ஒட்டுப்போடுவதுதான். ‘கடைசியாக வெற்றிகரமாக ஓடியதிலிருந்து’ என்று கேட்பதே சரியான கேள்வி.

அதற்கு ஓர் அடையாளக் கோப்பு போதும். உள்ளே எதுவும் வேண்டாம், அதன் நேரம்தான் நமக்கு முக்கியம். ஸ்கிரிப்ட் தொடங்கியதும் ‘டச்’ கட்டளையால் புது அடையாளம் ஒன்றை உருவாக்குங்கள். பிறகு ஃபைண்டிடம் ‘-நியூவர்’ போட்டு, பழைய அடையாளத்தைவிடப் புதியவற்றைக் கேளுங்கள். டார் பிழையில்லாமல் முடிந்தால் மட்டும் புது அடையாளத்தைப் பழையதன் பெயருக்கு மாற்றுங்கள். புது அடையாளத்தை வேலை முடிந்த பிறகு உருவாக்கலாமே என்று தோன்றும். கூடாது. டார் 10 நிமிடம் கட்டுகிறது, 4ஆவது நிமிடத்தில் ஒரு கோப்பைச் சேமிக்கிறீர்கள் என்றால் அது இந்தத் தடவையும் வராது, அடுத்த தடவையும் வராது. தொடக்கத்திலேயே வைத்தால் ஒருசில கோப்புகள் இரண்டு முறை வரும், அதனால் நஷ்டமில்லை.

இதையும் தாண்டி ஒரு கோப்பு தப்பும். ஒரு ஸிப்பைப் பிரித்தீர்கள், கேமராவிலிருந்து படங்களை இறக்கினீர்கள். உங்களைப் பொறுத்தவரை அவை இன்று வந்த கோப்புகள். ஆனால் அவற்றின் மாற்ற நேரம் போன வருடமாக இருக்கலாம், பிரிக்கும் நிரல் பழைய நேரத்தை அப்படியே பாதுகாத்துக் கொடுத்திருக்கும். ‘-சிடைம்’ அல்லது ‘-சிநியூவர்’ போட்டால் இவை சிக்கும், கோப்பின் விவரக் குறிப்பு இந்த டிஸ்க்கில் கடைசியாக எப்போது மாறியது என்று அது பார்க்கும். சி என்றதும் உருவாக்கிய நேரம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. இந்த நேர விளையாட்டே வேண்டாம் என்றால் ஆர்சிங்குக்குப் போய்விடுங்கள். அது ‘சமீபத்தில் மாறியதா’ என்று கேட்காது, ‘அந்தப் பக்கம் இருக்கிறதா, அளவும் நேரமும் பொருந்துகிறதா’ என்றுதான் கேட்கும். அன்றாடக் கோப்புகளுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

பெயரில் இடைவெளி உள்ளவை மட்டும் வரவில்லை

‘ஆண்டு அறிக்கை’ என்ற கோப்பை ‘ஆண்டு’, ‘அறிக்கை’ என்று இரண்டாக வெட்டிவிட்டு இரண்டையும் காணோம் என்று சொல்கிறது ஷெல். மாறியைப் பயன்படுத்தும் இடமெல்லாம் இரட்டை மேற்கோள் போடுங்கள். ஃபைண்டின் பட்டியலை ‘ஃபார்’ சுழலுக்குள் கொட்டாதீர்கள். ‘-பிரிண்ட்0’ என்று எடுத்து, டாருக்கு ‘--நல் -டி -’ என்று கொடுங்கள். இங்கே டி பெரிய எழுத்து.

நடுவில், பட்டியலை வாங்கி இன்னொரு கட்டளைக்கு ஊட்டும் எக்ஸ்ஆர்க்ஸ் வைத்து டாரைக் கூப்பிடுகிறவர்களுக்கு வேறொரு குழி இருக்கிறது. சில நூறு கோப்புகள் வரை அழகாக ஓடும். பட்டியல் நீண்டுவிட்டால் எக்ஸ்ஆர்க்ஸ் அதைத் துண்டுபோட்டு டாரைப் பல முறை ஓட்டும். ஒவ்வொரு முறையும் டார் அதே பெயரில் புதிதாகத் தொடங்கி முந்தையதை அழிக்கும். கடைசித் துண்டு மட்டும் மிஞ்சும். பிழைச் செய்தி? ஒன்றும் வராது.

ஒரே தமிழ்ப் பெயரில் இரண்டு கோப்புகள்

பழைய மேக்கும் லினக்ஸும் கலந்து புழங்கும் இடத்தில் வரும். ‘கோப்பு’ என்பதன் முதல் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்து இரண்டு குறியீடுகளாக அதை எழுதலாம். ககரம், இரட்டைச் சுழிக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். யூனிகோட் இரண்டையும் சமம் என்கிறது, திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ்+ கோப்பு அமைப்பு பெயர்களை மூன்றாகப் பிரித்தே எழுதிவைக்கும். லினக்ஸோ பைட்டுக்குப் பைட் பார்த்து, இவர் வேறு ஆள் என்று இன்னொரு நகலை வைத்துக்கொள்ளும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் பெயர்களில் மட்டும் இரட்டை வந்தால் இதுதான் காரணம். மேக்கிலிருந்து அனுப்பும்போது ஆர்சிங்கின் ‘--ஐகான்வ்’ விருப்பத்தில் ‘யூடிஎஃப்-8-மேக்,யூடிஎஃப்-8’ என்று கொடுத்தால் பெயர்கள் ஒன்றாகும்.

கூடவே இன்னொன்று. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம், அதாவது 85 குறியீடுகள். புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனிக் கணக்கு. ‘ஃபைல் நேம் டூ லாங்’ என்று வந்தால் எண்ணிப் பாருங்கள்.

எந்தப் பிழையும் இல்லை, எல்லாம் நன்றாக ஓடுகிறது

எனக்குப் பயம் தருவது இந்த அறிகுறிதான். ஃபைண்டையும் டாரையும் | போட்டு இணைத்திருந்தால் கடைசியில் நிற்கும் டாரின் முடிவை மட்டுமே ஷெல் பார்க்கும். முன்னால் ஃபைண்ட் செத்துக்கிடந்தாலும் வெற்றிதான். ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் -ஓ பைப்ஃபெயில்’ எழுதினால் இந்தப் பொய் நிற்கும். அதோடு, உருவான கோப்பு 1 கேபிக்குக் கீழே இருந்தால் கத்து என்று ஒரு வரி சேருங்கள். எந்தக் கோப்பும் மாறாத நாளிலும் கத்தும், பரவாயில்லை. என் 45 பைட் முதல் இரவிலேயே பிடிபட்டிருக்கும்.

அடுத்து, பழையதை அழிக்கும் வரி. 14 நாள் தாண்டியதை அழி என்று வைத்திருப்பீர்கள். புது பேக்கப் தோற்றுக்கொண்டே இருக்க, இந்த வரி மட்டும் கடமை தவறாமல் ஓடினால் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனதும் நல்ல நகல் ஒன்றுகூட மிஞ்சாது. புதியது வெற்றி என்றால் மட்டும் அழி என்று && போட்டுக் கட்டுங்கள். அந்த வரியில் ‘-டெலீட்’ கடைசியில்தான் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் போகும். ‘-டெலீட்’ முன்னால் வந்துவிட்டால் வயதைக் கேட்காமலே ஃபோல்டரைக் காலி செய்துவிடும்.

தோல்வியை மெயிலில் சொல்லச் சொல்லியிருக்கிறேன் என்கிறீர்களா? 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையச் சேவையான கிட்லேபில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தின் தரவை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால் அது இருக்க வேண்டிய இடம் காலி. பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பு 9.2, தரவுத்தளம் 9.6, அதனால் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வி மெயில்களும் கிளம்பியிருக்கின்றன, ஆனால் மெயில் உண்மையிலேயே அந்த முகவரியிலிருந்து வந்ததா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் தேறாமல் நிராகரிக்கப்பட்டுவிட்டன. வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஆறு மணி நேரப் பழைய ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்துத் தரவின் அப்படியே நகல்) காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே விவரமாக எழுதி வெளியிட்டார்கள்.

அதனால் நான் மெயிலைத் தலைகீழாக வைத்திருக்கிறேன். வெற்றி என்றால் கோப்பின் அளவோடு ஒரு வரி வரும். வராத நாள்தான் எனக்கு எச்சரிக்கை. மாதத்தில் ஒருநாள், கட்டி வைத்ததில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து ‘/டிம்ப்’ ஃபோல்டரில் பிரிக்கிறேன். உள்ளே இருக்கும் ஏதாவது மூன்று கோப்புகளை ‘சிஎம்பி’ கட்டளையால் அசலோடு ஒப்பிடுகிறேன். எதுவும் பேசாமல் திரும்பினால் இரண்டும் ஒன்று. சத்தமில்லாமல் இருப்பதை நான் நம்புகிற ஒரே கட்டளை அது.